அழற்சி அனுப்பும் தூதும் அதைக் கேட்கும் நார்க்கலமும்

அதிகாலை நாலரை மணிக்கு அம்மா பிட்டுக்கு மாக் குழைக்க உட்காருவார். கை மூடாது. சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, ஒரு கையின் விரல்களை மற்றக் கையால் ஒவ்வொன்றாக மடித்துப் பார்ப்பார். நடுவிரலின் கணு பளபளப்பாக வீங்கி, தோலின் சுருக்கம் அழிந்து, தொட்டால் அடுப்பருகே வைத்த செம்பைப் போல இளஞ்சூடாக இருக்கும். கலியாண மோதிரம் அந்தக் கணுவைத் தாண்ட மறுத்த நாளில் சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியாமல், பொற்கொல்லரிடம் போய் வெட்டி எடுத்தோம். உப்புவெளிக் கடலுக்கு மேலே வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அந்தக் கை அவர் சொல் கேட்கத் தொடங்கும்.

அந்த நாட்களில் ஞாயிறுதோறும் அவரைக் கன்னியாவுக்கு அழைத்துப் போவேன். தாயின் ஈமக்கடனைச் செய்ய நீர் வேண்டி இராவணன் வாளை ஊன்றிய ஏழு இடங்கள் என்று நம்மவர்கள் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இராது. வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வெளியே வரும்போது அம்மாவின் முகம் தெளிந்திருக்கும், விரல்கள் மடியும். திரும்பும் பஸ்ஸில் கம்பியைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பார். மறுநாள் விடிந்தால் பழையபடி கை மூடாது.

நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறவன். அழற்சி என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன். ஆனாலும் வெந்நீர் ஏன் இளக்குகிறது, இரவு ஏன் இறுக்குகிறது, வலி மாத்திரை போட்டும் விரல் ஏன் கோணுகிறது என்று அம்மா கேட்டபோது என்னிடம் நேரான பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடிப் படிக்கப் படிக்க, பாடத்தில் நான் ஒரு வரியில் கடந்துபோன ஒரு கலம் முன்னால் வந்து நின்றது. மருத்துவ நூல்கள் அதை ஃபைப்ரோபிளாஸ்ட் என்கின்றன. நார் நூற்கும் கலம் ஆகையால் நான் நார்க்கலம் என்றே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்திருந்தது தேய்மானத்தால் வரும் வலியல்ல, அழற்சியால் வரும் மூட்டுவாதம். மூட்டுவாதம் என்றதும் வெண்குழியங்களைத்தான் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். உடலின் காவற்படை தன் வீட்டையே தாக்குகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதை. மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையத்தை அரித்துத் தின்னும் நொதியங்களில் பெரும்பங்கைச் சுரப்பது நார்க்கலம். வெண்குழியங்கள் சொல்லி அனுப்புகின்றன. கேட்டுச் செய்வது இது. ஒரு கட்டத்துக்குப் பிறகு சொல்லாமலே செய்யவும் பழகிவிடுகிறது. இந்த நோயைப் புரிந்துகொள்வதற்கு அந்தப் பழக்கமே திறவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

உடலில் எலும்புக்கும் தசைக்கும், தோலுக்கும் உள்ளுறுப்புக்கும் இடையில் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது தொடுப்பிழையம். அதன் பெரும்பகுதி கலங்களே அல்ல. கலங்கள் சுரந்து வெளியே போட்ட நாரும் பசையும்தான். நாரில் முதன்மையானது கொலாஜன். நம் உடற்புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. இந்த நாரை நூற்று, பின்னி, பழசானதை வெட்டி எடுத்து, புதியதைப் போடும் வேலை நார்க்கலத்தினுடையது. மெலிந்து நீண்டு, இரு முனையும் கூர்ந்து, நாருக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும். திருகோணமலைக் கரைகளில் காலையில் போய்ப் பார்த்தால் கரைவலையை மணலில் விரித்துப்போட்டு, கிழிசலைச் சரிபார்க்கும் பெரியவர்களைக் காணலாம். அவர்கள் கையில் நூலும் இருக்கும், கத்தியும் இருக்கும். பிய்ந்த கண்ணியைச் சுற்றி அறுத்து எடுக்காமல் புதிய கண்ணியைப் போட முடியாது. நார்க்கலமும் அப்படித்தான். அது கட்டுகிற கலம் என்று மட்டும் படித்திருந்ததுதான் என் பிழை. அதனிடம் கத்தியும் இருக்கிறது.

எப்போது நூல், எப்போது கத்தி என்பதை அதுவாகத் தீர்மானிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் தூது தீர்மானிக்கிறது.

ஒரு கெளிற்று மீனின் முள் விரலில் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. சில நிமிடங்களில் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமில் செல்சுஸ் எழுதிவைத்த, அழற்சியின் நான்கு அடையாளங்கள் இவைதான். இன்றும் மாணவர்களுக்கு இவற்றையே சொல்லிக்கொடுக்கிறோம். முள் கிழித்த கலங்களிலிருந்து சிந்தியவற்றை உணர்ந்து அங்கே காத்திருக்கும் காவற்கலங்கள் கூவுகின்றன. சில மணி நேரத்தில் ஒரு வகை வெண்குழியங்கள் வந்து குவிகின்றன. இரண்டாம் மூன்றாம் நாளில் பெரிய விழுங்குகலங்கள் பொறுப்பேற்கின்றன. அவை கிருமியையும் செத்த கலத்தையும் தின்பதோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்து நார்க்கலங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. முதலில் போகும் செய்தி: வெட்டு, துப்புரவாக்கு, ஆட்களைக் கூப்பிடு. சில நாளில் செய்தி மாறுகிறது: போதும், இனி நூலை எடு. நார்க்கலங்கள் காயத்துக்குள் நகர்ந்து வந்து மெல்லிய கொலாஜனை அவசரமாகப் பின்னுகின்றன. பிறகு மாதக்கணக்கில் அதைப் பிரித்துத் தடித்த நாராக மாற்றிக் கட்டுகின்றன. மூன்று மாதம் போனாலும் தழும்பின் வலிமை பழைய தோலின் 80 வீதத்தைத் தாண்டாது. வேலை முடிந்ததும் தேவைக்கு மேற்பட்ட கலங்கள் தாமாக மடிந்துபோகின்றன.

இந்தச் செய்தி மாற்றம் நேரத்துக்கு நடப்பதை உடலின் மிகப் பெரிய நாகரிகம் என்பேன். அம்மாவின் விரலில் நடக்காமல் போனது அதுதான்.

செய்தியைச் சுமப்பவை சைட்டோகைன்கள் எனும் சிறு புரதங்கள். அளவைச் சொன்னால் நம்பக் கடினம்: இரத்தத்தில் அவற்றைப் பிகோகிராமில் அளக்கிறார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. மூட்டு நோயில் மூன்றின் பெயர் திரும்பத் திரும்ப வரும். டி.என்.எஃப். 1975இல் நியூயோர்க்கில் பெயரிடப்பட்டது. எலிகளின் கட்டிகளை அழுகச் செய்ததால் கட்டியழிப்பான் என்ற பொருளில் அந்தப் பெயர். இன்டர்லூகின் 1, காய்ச்சலை உண்டாக்கும் பொருளைத் தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது. இன்டர்லூகின் 6இன் மரபணுவை 1986இல் ஜப்பானில் கிஷிமோட்டோவின் குழு பிரித்தெடுத்தது. பெயர்கள் வந்த வழி ஒன்றோடொன்று தொடர்பில்லாதது. நார்க்கலத்தின் வாசலில் மூன்றும் சந்திக்கின்றன.

அந்த வாசலில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நார்க்கலத்தின் மேற்சவ்வில் ஒவ்வொரு தூதுக்கும் அளவெடுத்த வாங்கிகள் இருக்கின்றன. டி.என்.எஃப். வந்து தன் வாங்கியில் பொருந்துகிறது. கலத்துக்குள் அது நுழைவதில்லை. வாசலில் நின்று தட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. தட்டல் உள்ளே ஒரு நொதியத்திலிருந்து இன்னொரு நொதியத்துக்குக் கைமாறுகிறது. கலத்துக்குள், கருவுக்கு வெளியே, என்.எஃப். கப்பா பி எனும் புரதம் கட்டுண்டு கிடக்கிறது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் கண்டறிந்தது அது. கட்டிவைத்திருக்கும் காவற்புரதத்தை அந்த நொதியங்கள் குறிவைத்து அழிக்கச் செய்ய, அவிழ்ந்த என்.எஃப். கப்பா பி கருவுக்குள் ஓடி, அதுவரை மூடிக்கிடந்த மரபணுக்களின் மேல் அமர்கிறது. தட்டியதிலிருந்து இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

திறக்கப்படும் மரபணுக்கள் எவை என்பதில்தான் அம்மாவின் விரல் இருக்கிறது. ஒரு கூட்டம், மெட்டலோபுரோட்டினேஸ் எனப்படும் வெட்டும் நொதியங்களுக்குரியது. துத்தநாக அணு ஒன்றைத் தன் வெட்டும் இடத்தில் வைத்திருக்கும் கத்திகள் அவை. வேறெந்த நொதியமும் எளிதில் தொடமுடியாத கொலாஜனின் முப்புரிக் கயிற்றையே நடுவில் அறுக்கக்கூடியவை. இன்னொரு மரபணு, புரோஸ்டாகிளாண்டின் செய்யும் நொதியத்துக்குரியது. வலி நரம்பை வீணைத் தந்தி போல முறுக்கிவிடுவதும், இரத்தக் குழாயைத் தளர்த்திச் சூட்டையும் சிவப்பையும் தருவதும் புரோஸ்டாகிளாண்டின். மூன்றாவது கூட்டம் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது: நார்க்கலம் தானே தூது எழுதத் தொடங்குகிறது. இன்டர்லூகின் 6ஐ ஏராளமாக ஊற்றுகிறது. புதிய வெண்குழியங்களை அழைக்கும் புரதங்களை அனுப்புகிறது. வந்தவை மீண்டும் டி.என்.எஃப். தருகின்றன. இதற்கிடையில் புதுக் கொலாஜன் நூற்கும் மரபணுவின் குரல் தாழ்கிறது. வெட்டு கூடுகிறது, நூல் குறைகிறது, கூட்டம் பெருகுகிறது.

இந்த உரையாடலை முதலில் ஒட்டுக்கேட்டவர்கள் போஸ்டனில் ஜான் மிஷேல் டாயேயும் ஸ்டீவன் கிரேனும் அவர்களது குழுவினரும். 1976இல் மூட்டுவாதக்காரரின் மூட்டுச்சவ்விலிருந்து கலங்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அவை கொலாஜனை வெட்டும் நொதியத்தையும் புரோஸ்டாகிளாண்டினையும் ஏராளமாகச் சுரந்தன. அடுத்த ஆண்டில், இரத்த வெண்குழியங்கள் வளர்ந்த திரவத்தை அந்தக் கலங்களின் மேல் ஊற்றியபோது சுரப்பு எகிறியது. வெண்குழியம் எதுவும் தொடவில்லை. அது இருந்த தண்ணீர் மட்டும் போதுமாயிருந்தது. அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த தூதுவன் இன்டர்லூகின் 1 என்பது பின்னால் தெளிந்தது. இந்தச் சோதனையை வகுப்பில் நான் இப்போது ஒரு முழுப் பாடவேளை எடுத்துச் சொல்கிறேன்.

இப்போது விரற்கணுவுக்குள் போகலாம். மூட்டின் உட்பக்கத்தை விரித்திருக்கும் மூட்டுச்சவ்வு ஆரோக்கியமாக இருக்கும்போது ஒன்றிலிருந்து மூன்று கலத் தடிப்புத்தான். அதில் பாதிக்கு மேல் நார்க்கலங்கள். வழுவழுப்பான திரவத்தைச் சுரந்து மூட்டுக்கு எண்ணெய் போடுவது அவற்றின் அன்றாட வேலை. மூட்டுவாதத்தில் இந்தச் சவ்வு பத்து, பதினைந்து கல அடுக்காகத் தடித்து, நாக்குப் போல நீண்டு கசியிழையத்தின் மேல் ஏறுகிறது. ஏறிய இடத்தில் நார்க்கலம் ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. எலும்பையோ அது நேரடியாகக் கடிப்பதில்லை. எலும்பை உண்ணும் வேறு கலங்களை வளர்த்தெடுக்கும் ஒரு புரதத்தைத் தன் உடம்பில் ஏந்தி நிற்கிறது. அதைத் தொட்ட இளங்கலங்கள் முதிர்ந்து எலும்பில் குழி பறிக்கின்றன. எக்ஸ்ரேயில் எலி கடித்தது போலத் தெரியும் ஓரங்கள் அப்படி வந்தவை. அம்மாவின் படத்தில் வலது கைச் சுட்டுவிரல் கணுவின் ஓரத்தில் அரிசிமணி அளவில் ஒரு குழி இருந்தது. வைத்தியர் பேனா முனையால் அதைத் தொட்டுக்காட்டியபோது அம்மா என்னைத்தான் பார்த்தார்.

காலை இறுக்கத்துக்கும் இங்கேயே காரணம் இருக்கிறது. மூட்டுவாதக்காரர்களின் இரத்தத்தில் இன்டர்லூகின் 6 நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, விடியும் வேளையில் உச்சத்தில் நிற்கிறது. அதை அடக்க உடல் சுரக்கும் கோர்ட்டிசோல் இந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கப் போதாமல் போகிறது. அசையாமல் கிடந்த மூட்டில் நீரும் தேங்கிவிடுகிறது. அதனால்தான் வைத்தியர்கள் "காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் கை சரியாகிறது?" என்று கேட்கிறார்கள். தேய்மானத்தால் வரும் வலியில் பெரும்பாலும் அரை மணிக்குள் இறுக்கம் விட்டுவிடும்; அழற்சி மூட்டுவாதத்தில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். இதே இன்டர்லூகின் 6 கல்லீரலுக்குப் போய்ச் சேரும்போது அங்கே சி.ஆர்.பி. எனும் புரதம் சுரக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. கூடியிருக்கிறது என்று எழுதிவரும்போது, அது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் கூச்சலின் எதிரொலி.

வெந்நீரின் கதையும் இதோடு தெளிவாகிறது. சூடு நாரை இளக்கும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும், வலி நரம்பைச் சாந்தப்படுத்தும். அம்மாவுக்குக் கன்னியாவில் கிடைத்த சுகம் கற்பனையல்ல. ஆனால் நார்க்கலத்தின் வாசலில் தட்டிக்கொண்டிருக்கும் தூதை வெந்நீர் எட்டுவதில்லை.

வலி மாத்திரைகளும் எட்டுவதில்லை. இதைத்தான் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் செய்யும் நொதியத்தைத் தடுப்பவை. ஜான் வேன் 1971இல் காட்டிய வழி இது; 1982இல் நோபெல் பரிசும் வந்தது. புரோஸ்டாகிளாண்டின் நின்றால் வலியும் சூடும் குறையும். ஆனால் நார்க்கலம் திறந்த மரபணுக்களில் அது ஒன்றுதான். வெட்டும் நொதியம் அப்படியே சுரக்கிறது, தூது எழுதுவது நிற்பதில்லை, எலும்பில் குழி விழுந்துகொண்டே இருக்கிறது. வலியில்லாமல் விழுகிறது என்பதுதான் கொடுமை. அம்மாவை முதலில் பார்த்த ஒரு மருத்துவ நிலையத்தில் "வயதுக்கு வருகிற வருத்தம் அம்மா, வலிக்கும்போது போடுங்கள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருடங்கள் அதை நம்பினோம். மூட்டுவாதத்தில் எலும்புச் சேதத்தின் பெரும்பகுதி தொடங்குவது அந்த முதல் இரண்டு வருடங்களுக்குள்தான்.

வீக்கத்துக்கென்று கடைகளில் வாங்கி விழுங்கும் ஸ்டீரொயிட் மாத்திரைகள் வேறு வகை. அவை என்.எஃப். கப்பா பியின் வாயையே அடைக்கின்றன. ஆகையால் அற்புதம் போலத் தெரியும். 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் படுக்கையில் கிடந்த மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கோர்ட்டிசோன் எனும் ஸ்டீரொயிட்டை ஏற்றியபோது சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஆனால் அது நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் சேர்த்தே அடைக்கும். எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கிருமி நுழையும். வைத்தியரின் கண்பார்வையில் குறைந்த அளவில், குறைந்த காலம் என்றால் அது மருந்து.

இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை குறைந்தது, பழையது, நம்பகமானது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தவறி நாளாந்தம் போட்டவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மாத்திரைப் பெட்டி என் அலுமாரியில் இருக்கிறது.

ஒரு தூதை மட்டும் மறித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இலண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் எடுத்துக்கொண்டார்கள். மைனி லூதியானாவில் பிறந்தவர். பலருக்கும் இது வீண்வேலையாகப்பட்டது: எத்தனையோ தூதுகள் ஓடும் இடத்தில் ஒன்றை மறித்தால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடாதா? 1989இல் அவர்களது குழு நோயாளியின் மூட்டுச்சவ்வுக் கலங்களில் டி.என்.எஃப்.ஐ மறித்துப் பார்த்தது. இன்டர்லூகின் 1உம் சேர்ந்து விழுந்தது. தூதுகளுக்குள்ளும் ஒரு படிநிலை இருந்தது. 1992இல் முதல் நோயாளிகளுக்கு அந்த மறிப்பு மருந்து ஏற்றப்பட்டது. பல ஆண்டுகளாக மாடிப்படி ஏறாதவர்கள் ஏறினார்கள். 2003இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. மறித்ததில் ஒரு விலையும் இருந்தது. நுரையீரலில் காசக் கிருமியைச் சுற்றி உடல் கட்டிவைத்திருக்கும் மதிலைத் தாங்குவதும் இதே டி.என்.எஃப்.தான். மறித்தால் உறங்கிக்கிடந்த காசம் விழித்துக்கொள்ளலாம். எனவே அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

டி.என்.எஃப்.ஐ மறித்தும் எல்லோருக்கும் முழுமையாகக் குணமாவதில்லை. ஏன் என்ற கேள்விதான் அண்மைக் கால ஆய்வுகளை மீண்டும் நார்க்கலத்தின் பக்கம் திருப்பியிருக்கிறது. நார்க்கலம் பட்டதை மறப்பதில்லை. மூட்டுச்சவ்வின் நார்க்கலத்தை ஒரு முறை டி.என்.எஃப்.ஆல் தட்டி, ஓயவிட்டு, மீண்டும் தட்டினால் இரண்டாம் முறை அது முன்னைவிட உரக்கப் பதில் சொல்கிறது. தோலின் நார்க்கலத்தில் இந்தப் பழக்கம் காணப்படவில்லை. காரணம், டி.என்.ஏ. சுருண்டிருக்கும் விதம் மாறிவிடுகிறது. முதல் தட்டலில் திறந்த கதவு சரியாகச் சாத்தப்படாமல் ஒருக்களித்தபடி நிற்கிறது. வீக்கம் வடிந்துவிட்ட ஒரு கணு சிறு காரணத்துக்கும் மீண்டும் பொங்குவதை வீட்டில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எல்லா நார்க்கலமும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்கிறது. 2019இல் எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, சவ்வின் மேலடுக்கில் இருப்பவை எலும்பையும் கசியிழையத்தையும் அரிப்பதையும், உள்ளடுக்கில் இருப்பவை அழற்சியை ஊதி வளர்ப்பதையும் பிரித்துக் காட்டியது. ஒரே ஊரில் இரண்டு தெரு, இரண்டு தொழில்.

இந்த மண்ணில் நார்க்கலம் பற்றிப் பேசும்போது சிக்குன்குன்யாவை விட்டுவிட முடியாது. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பல பத்தாண்டுகளுக்குப் பின் அது இலங்கைக்குத் திரும்பி வந்தபோது திருகோணமலையும் பாதிக்கப்பட்டது. தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் அந்தச் சொல்லுக்கு வளைந்துபோதல் என்று பொருள். குனிந்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நினைவிருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த வைரசு விரும்பிக் குடியேறும் கலங்களில் நார்க்கலம் முன்வரிசையில் நிற்கிறது. இங்கே தூது வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. தொற்றுண்ட நார்க்கலமே கூவத் தொடங்குகிறது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டாலும் சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மூட்டு வலிக்கக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் கத்தியின் பக்கம். நூலின் பக்கத்துக்கும் ஒரு தூது இருக்கிறது: டி.ஜி.எஃப். பீட்டா. 1986இல் அனிதா ராபர்ட்ஸும் மைக்கேல் ஸ்போர்னும் அதைப் பிறந்த எலிக்குட்டிகளின் தோலுக்கடியில் ஏற்றியபோது இரண்டு மூன்று நாளிலேயே அங்கே நாரும் புது இரத்தக் குழாய்களும் திரண்டன. இந்தத் தூது கிடைத்த நார்க்கலம் கொலாஜனை நூற்கிறது, வெட்டும் நொதியத்தைக் குறைக்கிறது, தசைக்கலம் போலச் சுருங்கவும் கற்றுக்கொள்கிறது. இந்த வடிவத்தைக் கபியானி 1971இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்ப்பவை அவை. சுற்றியுள்ள நாரில் பூட்டிவைத்த டி.ஜி.எஃப். பீட்டாவை அந்த இழுப்பே விடுவிக்கும். விடுபட்டது மேலும் இழுக்கச் சொல்லும். நிறுத்தச் சொல்லும் செய்தி வராவிட்டால் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும். காதுச் சோணையிலும் மார்பிலும் தோளிலும் கொட்டைப்பாக்கு அளவில் திரண்டு நிற்கும் கெலோய்டு அதுதான். கருந்தோல் உடையவர்களுக்கு அதிகம் வருவது. வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. வெட்டிய காயமே புதிய தூது. 11 வயதுக்குப் பின் காது குத்தியவர்களிடம் அது அதிகம் என்று 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பால் மணம் மாறாத வயதில் மாமன் மடியில் வைத்துக் காது குத்தும் நம் வழக்கத்தை அதைப் படித்த நாளில் வாஞ்சையோடு நினைத்துக்கொண்டேன்.

இதே நூல் வாய்க்குள் விழுந்தால் வாஞ்சைக்கு இடமில்லை. வெற்றிலையோடு நாளெல்லாம் பாக்கை அடக்கி வைத்திருப்பவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, விறைத்து, கயிறு போல வரிகள் தட்டுப்படும். முதலில் கறி உறைக்கும், எரியும். பிறகு வாய் திறப்பது குறையும்; மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழையும், பிறகு ஒன்று. பாக்கிலுள்ள அரெகோலினும் ஓயாத உராய்வும் அங்கே தீராத அழற்சியை வைத்திருக்கின்றன, டி.ஜி.எஃப். பீட்டா ஏறுகிறது, நார்க்கலம் நூற்றுக்கொண்டே இருக்கிறது. பாக்கிலுள்ள செம்பு, கொலாஜன் புரிகளைக் குறுக்கே பூட்டும் நொதியத்துக்கு ஊட்டம் தருவதால் நூற்ற நாரை வெட்டவும் முடியாமல் போகிறது. இது புற்றாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. "புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான் தம்பி" என்று சொல்லும் பெரியவர்களைச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களுடைய கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லத் தோன்றும். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அம்மா மெத்தோட்ரெக்சேட் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. சி.ஆர்.பி. இறங்கிவிட்டது. காலை இறுக்கம் பத்து நிமிடத்தில் விடுகிறது. சுடுதண்ணீர்ச் சட்டி குசினி மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. தேங்காய்ப்பாலைத் தானே பிழிகிறார், என்னைக் கிட்ட விடுவதில்லை. கன்னியாவுக்கு இன்னும் போகிறோம். அவருக்கு அந்த நீர் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. தூது நின்ற பிறகும், அதற்கு முன் நார்க்கலம் அறுத்ததும் இழுத்ததும் அங்கே அப்படியே இருக்கின்றன. வெட்டிய மோதிரத்தைப் பொற்கொல்லரிடம் கொடுத்து இரண்டு அளவு பெரிதாக்கி வாங்கி வந்தேன். அம்மா அதை இடது கையில் போட்டிருக்கிறார்.